ஒன்பதாவது கிணற்றை வெட்டியது யார்?

ஜூன் 2, ஞாயிறு

அருள்ராஜ் இன்றைக்கு ஆட்டத்துக்கு வரும்போது ஒரு பெட்டி கொண்டுவந்தான். முகமெல்லாம் பல். "அக்கா, கண்ணை மூடுங்க" என்றான். நாற்பத்தொரு வயதில் கண்ணை மூடச் சொன்னால் எரிச்சல்தான் வரும். இருந்தாலும் மூடினேன். திறந்தபோது மேசை மேல் ‘ஒன்பது கிணற்று நாடு’ என்று தங்க எழுத்தில் அச்சடித்த பெட்டி. கீழே பொடி எழுத்தில்: உலகமும் கதையும் கிருபாகரன்.

என் நாடு. என் கிணறுகள். ஏழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் நான் நடத்திய கதை ஆட்டம்.

"நம்ம கிருபா கலக்கிட்டானுங்க்கா! பெங்களூர்ல நல்லா விக்குதாமா" என்றான். அருள்ராஜ் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். யார் ஜெயித்தாலும் கைதட்டிப் பழகிப்போனவன்.

பெட்டிக்குள் புத்தகம், பகடை, நாலு மடிப்பு வரைபடம். முதல் கிணற்றில் உப்பு விற்கிற பெண்கள். நாலாவதில் ஊமைப் பறை. ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். மூன்று வருஷம் என் மேசையில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்து, வேலை மாறிப் போகும்போது கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனவன். கடைசிப் பக்கத்தில் ‘கோவை நண்பர்களுக்கு நன்றி’. பெயர்கூடப் போடவில்லை.

பூங்கொடி வரைபடத்தை விரித்து வெகுநேரம் பார்த்தாள். பம்ப் கம்பெனியில் வரைபடம் போடுகிற பெண், கோடு என்றால் அவளுக்கு உயிர். "அச்சு நல்லா வந்திருக்குதுங்க்கா" என்று மடித்து வைத்தாள். அவ்வளவுதான். சூடு சொரணை இல்லாத பிள்ளை. முறுக்கு கொண்டுவருவாள், பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதுவாள், போய்விடுவாள்.

எனக்கு வயிறு எரிகிறது. அவனை விட மாட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

கெட்டவனைப் பற்றி நினைத்தால் அவன் அம்மா வருகிறார். கிருபாவின் அம்மா சரசாத்தாள், கண் ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம், புதுக் கண்ணாடிக்கு. மகன் நீண்ட லீவில் வந்திருக்கிறானாம்.

"மேல நீங்கல்லாம் சேந்து என்னமோ ஆடுவீங்களாமா, என்ற பையன் சொல்லுவான். சீட்டாட்டமா கண்ணு?" என்று கேட்டார்.

சீட்டுத்தான், ஆனால் சூதாட்டம் இல்லை என்றேன். ஊரில் ஜோசியம் பார்க்கிறார்களே, டாரட் என்று படம் போட்ட எழுபத்தெட்டு சீட்டு, அதை வைத்து நாங்கள் கதை பண்ணுகிறோம். பத்துச் சீட்டைப் பரப்பினால் கதைக்கு ஊர், பகை, புதையல் எல்லாம் கிடைத்துவிடும். ஆளுக்கொரு சீட்டு எடுத்து அதிலிருந்து ஒரு பாத்திரம் செய்துகொள்வார்கள். நான் கதையை நடத்துவேன், அவர்கள் பாத்திரமாகப் பேசுவார்கள், பகடை விழுகிறபடி நடக்கும். பாத்திரம் செத்தால் அதன் சீட்டு பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். திரும்பச் சீட்டுக் கட்டில் சேர்க்க மாட்டோம். இதுவரை பதினேழு சீட்டு உள்ளே போயிருக்கிறது.

"அட சாமி, செத்தது செத்ததுதானா" என்றார்.

"ஆமாங்கம்மா, அப்பத்தான் ஆடறவங்களுக்கு ஒரு பயம் இருக்கும்."

பவர் சரியாகத்தான் பார்த்தேன். மகன் மேல் இருக்கிற கோபத்தை அம்மா கண்ணில் காட்டக் கூடாது. ஆனால் பிரேம் ஸ்டாக்கில் இல்லை, மகனை இரண்டு தடவை வந்து பார்த்துப் போகச் சொல்லுங்கள் என்று சொன்னேன். பிரேம் அலமாரியில்தான் இருந்தது.

ஜூன் 5, புதன்

வந்தான். தாடி வைத்திருக்கிறான். பிரேம் வரவில்லை என்றேன்.

"பரவால்லீங்க்கா" என்று அதே பழைய சிரிப்பு. ஆர்.எஸ். புரத்தில் ஒரு காபிக் கடையில் 23ஆம் தேதி அறிமுகக் கூட்டமாம். முப்பது பேர் வருவார்களாம். "நம்ம பழைய டீம் அங்க ஒரு ஆட்டம் ஆடிக் காட்டணுமுங்க்கா. நீங்க நடத்துங்க, நான் உங்க மேசையில ஆடறேன். ஒரிஜினல் மாஸ்டர் நீங்கதானே!"

ஒரிஜினல் மாஸ்டர் என்று வாயால் சொல்கிறான், அட்டையில் போட மட்டும் வலிக்கிறது.

"புத்தகத்துல என்ற பேரு இல்லையே கிருபா" என்றேன், சிரித்துக்கொண்டே.

"எல்லாரும் சேந்து பண்ணுனதுதானேங்க்கா. யாரு என்ன சொன்னோம்னு யாருக்கு ஞாபகம் இருக்குது?"

நடத்துகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அவன் திருடியதை அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். முப்பது பேர் முன்னால் ‘இது என்னுடையது இல்லை, கோகிலாக்காவுடையது’ என்று அவன் சொல்ல வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஜூன் 9, ஞாயிறு

ஒத்திகை ஆட்டம். நாலு பேரும் பழைய இடத்தில். என் இடப்பக்கம் உட்காருபவர் சீட்டுக் கட்டை வெட்டித் தருவது வழக்கம், அது பூங்கொடி. வெட்டினாள். நான் இரண்டு பாதியையும் முன்பு இருந்தபடியே சேர்த்தேன். காலையிலேயே கடையில் உட்கார்ந்து அடுக்கிவைத்த கட்டு அது. பூங்கொடி மட்டும் ஒரு தடவை என் கையைப் பார்த்தாள். அவள் எதையும் அப்படித்தான் பார்ப்பாள்.

கிருபாவுக்கு நான் வைத்திருந்தது ஏழு வாள். ஒருத்தன் கூடாரத்திலிருந்து ஐந்து வாளை அள்ளிக்கொண்டு, இரண்டை விட்டுவிட்டு, திரும்பிப் பார்த்தபடி நுனிக்காலில் நழுவுகிற படம். திருடனுக்கு இதைவிடப் பொருத்தமான சீட்டு கிடையாது. ஒருமுறை விழுந்த சீட்டை மாற்றக் கூடாது என்பது இந்த மேசையில் நான் போட்ட விதி.

முகம் கறுக்கும் என்று காத்திருந்தேன். பயல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "திருட்டுப்பயலா! சூப்பருங்க்கா, ஜாலியா ஆடலாம்."

உறைக்கவே இல்லை. இவனுக்கெல்லாம் ஜாடை பத்தாது, நேராகக் கேட்க வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

பிரேம் வந்துவிட்டதா என்று கேட்டு வந்தான். இல்லை என்றேன். வெயிலில் திரும்பிப் போனான். கொஞ்சம் நிம்மதி.

ஜூன் 11, செவ்வாய்

சரசாத்தாள் போன் பண்ணி, அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை கண்ணு என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியை முடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் வீட்டில் இல்லை. நல்லதாகப் போயிற்று.

ஜூன் 13, வியாழன்

ஆதாரம் வேண்டும் என்று தோன்றியது. அவன் இல்லை என்று சாதித்தால்? பூங்கொடியிடம் பழைய குறிப்பு நோட்டுகளைக் கேட்டேன். ஆறு நோட்டு.

"எதுக்குங்க்கா?" என்றாள்.

"சும்மா பாக்கத்தான்."

சாயந்தரம் வேலை முடிந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்தாள். "பாருங்க்கா. நல்லாப் பாருங்க" என்றாள். அந்தப் பிள்ளை இவ்வளவு பேசுவதே அதிசயம்.

கடையில் ஆள் இல்லாத நேரம் புரட்டினேன். தேதி, யார் வந்தார்கள், என்ன நடந்தது, எல்லாம் பொடிப்பொடியாக எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு யோசனைக்கும் பக்கத்தில், ஓரத்தில், அதைச் சொன்னவர் பெயரின் முதல் எழுத்து. கோ, அ, கி, பூ. உப்புப் பெண்கள், ஊமைப் பறை என்று தேடிக்கொண்டே போனேன். மூன்றாவது நோட்டோடு நிறுத்திவிட்டேன்.

ஆதாரத்துக்கு இதெல்லாம் உதவாது. ஓரத்தில் கிறுக்கி வைத்ததை யார் நம்புவார்கள்? கதையை நடத்தியவர் யார் என்பதுதான் கேள்வி. ஒரு ஆள் சும்மா ஒரு வார்த்தை போட்டால் அதைக் கதையாக்குவது யார்? நான்.

ஜூன் 14, வெள்ளி

நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "பாத்தீங்களாக்கா?" என்றாள். "நேரமே கிடைக்கல பூங்கொடி" என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது.

எங்கள் நாட்டில் ஒன்பதாவது கிணற்றுக்குள் யாரும் பொய் சொல்ல முடியாது. தண்ணீர் கேட்கும், இறங்கியவர் உண்மையைச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் பகடை கிடையாது, வெளியே வர வழி கிடையாது. பாத்திரம் மட்டுமல்ல, ஆடுகிற ஆளும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் மேசைச் சட்டம். ஒருதடவை அருள்ராஜ் அந்தக் கிணற்றுக்குள் நின்று, தான் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனதை எல்லோரிடமும் மறைத்ததை ஒப்புக்கொண்டான். அப்படி ஒரு இடம் அது. தண்ணீர் கிருபாவிடம் கேட்கும்: இந்தக் கிணற்றை வெட்டியது யார்?

ஒரே இடைஞ்சல். அந்தக் கிணறு ‘நிலா’ சீட்டு விழுந்தால்தான் திறக்கும். நிலா நாலு வருஷமாக டப்பாவுக்குள் இருக்கிறது.

அது குருவாயியின் சீட்டு. குருவாயி கிணறு வெட்டுகிறவள், பூங்கொடி ஆடிய முதல் பாத்திரம். அந்தச் சீட்டில் நிலா முகம் கவிழ்ந்து பார்க்கும், நாயும் ஓநாயும் ஊளையிடும், குட்டையிலிருந்து ஒரு நண்டு ஏறி வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பூங்கொடி, "நிலா நெழல் விழுகாத ஒரு கெணறு இருந்தா எப்படீங்க்கா இருக்கும்?" என்று கேட்டாள். கேட்டதோடு சரி. குருவாயியே அதை வெட்டினாள், மற்றவர்கள் தப்பிக்க அவள் உள்ளேயே நின்றுவிட்டாள். அன்றைக்கு எல்லோரும் அழுதோம். பூங்கொடி சீட்டைத் துடைத்து டப்பாவில் வைத்தாள். அத்தோடு கிணறும் மூடிக்கொண்டது. அது செத்த இடம் என்பதால்தான் அதற்கு அத்தனை மதிப்பு.

கிருபாவின் புத்தகத்தில் பகடையில் ஆறு விழுந்தால் யார் வேண்டுமானாலும் திறக்கலாமாம். பாவி.

டப்பாவைத் திறந்து நிலாவை எடுத்தேன். ஒரு நாளைக்குத்தான், திரும்ப வைத்துவிடுவேன். பூங்கொடியைக் கேட்டால் சரி என்றுதான் சொல்வாள். அதனால் கேட்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

இரண்டு கண் சோதனை, ஒரு மூக்குப்பட்டை மாற்றியது. மீதி நேரமெல்லாம் சீட்டுக் கட்டை அடுக்கிப் பழகினேன். நாலாவதாகத் தராசு, ஐந்தாவதாக நிலா. கை பழகிவிட்டது.

ஜூன் 22, சனி

நாளைக்கு எந்தப் புடவை என்று யோசித்தேன். அரக்கு நிறம். அவன் தலைகுனியும்போது நான் பளிச்சென்று இருக்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பதினொரு மணி. காபிக் கடை நிறைய ஆட்கள், முப்பதுக்கு மேல். பெட்டியை அச்சடித்த பெங்களூர்க்காரர் முன்வரிசையில். கிருபா புது ஜிப்பாவில் மைக் பிடித்து, "இந்த உலகம் எனக்குள்ள பத்து வருஷமா இருந்துச்சுங்க" என்றான். பத்து வருஷம்! என் மேசைக்கு அவன் வந்தே ஆறு வருஷம்தான் ஆகிறது. அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு மிச்சம் மீதி இருந்த தயக்கமும் போய்விட்டது.

மேசையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். பூங்கொடி கட்டை வெட்டினாள். நான் பழையபடியே சேர்த்தேன். மூன்று சீட்டு சும்மா போயிற்று. அருள்ராஜ் ஒரு கொள்ளைக் கூட்டத்தை வெட்டிச் சாய்த்தான், கூட்டம் கைதட்டியது. நாலாவது தராசு. "தீர்ப்பு வர்ற நேரம்" என்றேன். ஐந்தாவதைத் திருப்பினேன்.

நிலா.

"ஒன்பதாவது கெணறு!" என்று கிருபா துள்ளினான். "நான் எறங்கறேனுங்க்கா!" அவனுக்கு அந்தச் சீட்டு செத்தது நினைவில்லை. அருள்ராஜுக்கும் இல்லை. பூங்கொடி பென்சிலைக் கீழே வைத்தாள்.

இறங்க விட்டேன். படிப்படியாகச் சொன்னேன், இருட்டு, குளிர், கழுத்து வரை தண்ணீர். கடை முழுக்க மூச்சு விடவில்லை. நான் நன்றாக நடத்துவேன், அதை யாரும் மறுக்க முடியாது. பிறகு மெதுவாகக் கேட்டேன்: "தண்ணி கேக்குது கிருபா. இந்தக் கெணத்தை வெட்டுனது யாரு?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"இங்க பொய் சொன்னா என்ன ஆகும்னு எல்லாருக்கும் சொல்லு" என்றேன்.

"வெளிய வர முடியாதுங்க" என்றான் கூட்டத்தைப் பார்த்து. குரல் இறங்கியிருந்தது. புரிந்துவிட்டது அவனுக்கு. காது சிவந்தது. பெங்களூர்க்காரர் போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த நிமிஷத்துக்காகத்தான் மூன்று வாரம் தூக்கம் கெட்டேன். அத்தனை இனிப்பாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

"நான் வெட்டலீங்க" என்றான் கடைசியில். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப யாரு வெட்டுனா?"

என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். என் பெயர் வரப்போகிறது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்துகூட விட்டேன். அவன் பார்வை என்னைத் தாண்டி இடப்பக்கம் போயிற்று.

"பூங்கொடி" என்றான். "குருவாயி வெட்டுனா. கெணறும் அவ சொன்னதுதான். ஊமைப் பறையும் அவதான். எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சுதான் போடல."

யாரும் கைதட்டவில்லை. பூங்கொடி கை நீட்டி, மேசை நடுவிலிருந்து நிலாவை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள், அன்றைக்குத் துடைத்த மாதிரியே.

"இந்தச் சீட்டு செத்துப்போச்சுங்க்கா" என்றாள் என்னிடம். "டப்பாவுல இருந்தது. யாரு எடுத்தா?"

கிணற்றுக்குள் பொய் சொல்ல முடியாது. நான்தான் என்றேன்.

"அது என்ற சீட்டுங்க்கா" என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. "அவரு எடுக்கறப்பவும் கேக்கல. நீங்க எடுக்கறப்பவும் கேக்கல."

சீட்டைப் பைக்குள் வைத்தாள். பென்சிலை எடுத்துக்கொண்டாள். எழுந்து போய்விட்டாள். முப்பது பேர் அவளுக்கு வழி விட்டார்கள்.

ஜூன் 24, திங்கள்

கடைக்கு விடுமுறை. தலைவலி.

ஜூன் 25, செவ்வாய்

அவளுக்கு எவ்வளவு செய்திருக்கிறேன். வாய் திறக்கத் தெரியாத பிள்ளையை மேசையில் உட்கார வைத்தது யார்? என்னைச் சபையில் வைத்து அசிங்கப்படுத்திவிட்டாள். சாதாரணமாக ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே.

நோட்டு கொடுத்தபோது நல்லாப் பாருங்க என்றாள். சரி, சொன்னாள்.

ஜூன் 27, வியாழன்

கிருபா வந்தான். அடுத்த அச்சில் பெயர் போடுகிறார்களாம், பெங்களூர்க்காரரே பூங்கொடி வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாராம். காகிதத்தைக் காட்டினான். பூங்கொடி, கோகிலவாணி, அருள்ராஜ், அதற்குக் கீழே கிருபாகரன்.

"திருப்தியாங்க்கா?" என்றான். கிண்டலா நிஜமா தெரியவில்லை.

கேட்டது கிடைத்துவிட்டது. அட்டையில் என் பெயர், இரண்டாவதாக. அவன் போன பிறகு அலமாரியைத் துடைத்த துணியை விட்டெறிந்தேன், அது டப்பா மேல் விழுந்தது.

ஜூன் 30, ஞாயிறு

மேசையைத் துடைத்து, நாலு நாற்காலி போட்டு, டீ வைத்தேன். யாரும் வரவில்லை. நாலு டம்ளர் டீயில் இரண்டை நானே குடித்தேன்.

ஜூலை 3, புதன்

பூங்கொடியிடமிருந்து செய்தி. ‘ஞாயிறு மதியம் என் வீட்டில் ஆட்டம். நான் நடத்துகிறேன். ஆட வேண்டுமென்றால் வாங்க அக்கா. சீட்டுக் கட்டும் டப்பாவும் கொண்டு வாங்க.’

போக மாட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

போனேன்.

பீளமேட்டில் சின்ன வீடு, சுவர் முழுக்க அவள் வரைந்த வரைபடம். அருள்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு முறுக்கு தின்றான். கிருபாவும் வந்திருந்தான். அவனைக் கூப்பிட்டாளே என்று எரிச்சலாக இருந்தது. பிறகு என்னையும்தானே கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

டப்பாவை வாங்கித் திறந்தாள். பையிலிருந்து நிலாவை எடுத்து உள்ளே வைத்து மூடினாள். கட்டைக் கலைத்தாள், அருள்ராஜ் வெட்டினான், அவள் சேர்த்தாள். எப்படிச் சேர்த்தாள் என்று நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அவள் விரல் அத்தனை வேகமாகப் போகும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

"எடுங்க்கா" என்றாள்.

எடுத்தேன். ஏழு வாள். ஐந்து வாளை அள்ளிக்கொண்டு நுனிக்காலில் நழுவுகிறவன்.

கிருபா இந்தத் தடவை சிரிக்கவில்லை. அடுக்கி வைத்தாளா, தானாக விழுந்ததா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. "வேற எடுக்கலாமா பூங்கொடி?" என்று மட்டும் கேட்டேன்.

"விழுந்த சீட்டை மாத்தக் கூடாதுங்க்கா" என்றாள்.

மூன்று மணி நேரம் திருடியாக ஆடினேன். நன்றாக நடத்துகிறாள், என்னைவிட மெதுவாக, ஆனால் ஆளை விடாமல். கிளம்பும்போது முதல் நோட்டைக் கையில் கொடுத்தாள். "நேரம் கிடைக்கறப்ப பாருங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்றுக்காகத்தான் அதைத் திறந்தேன். விழுந்த சீட்டை மாற்றக் கூடாது என்கிற விதியாவது என்னுடையது, அதில் ‘கோ’ இருக்கும், அந்தப் பக்கத்தை மடித்து அவளுக்கு அனுப்பலாம் என்று.

நாலாவது பக்கத்தில் இருந்தது. ஓரத்தில் ‘பூ’.

அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். டீத்தூள் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.